பத்தில் நாலு பங்கு நல்ல தண்ணீர்

தீவகக் குடிநீர் நிர்ணய சபையின் ஆட்சிக்குள் உப்புத் தண்ணீர் என்ற ஒன்று கிடையாது. சபை தோன்றிய காலத்திலிருந்து அது தீவுகளிலுள்ள கிணறுகளை ஒன்றுவிடாமல் சோதித்து வந்தது. எல்லாமே நல்ல தண்ணீர்க் கிணறுகள் என்று நிர்ணயித்தும் வந்தது. இலங்கையில் வேறெந்தச் சபைக்கும் இப்படி ஒரு பெயர் இல்லை என்று தலைவர் ஆழ்வாப்பிள்ளை கூட்டம் தவறாமல் சொல்வார். சொல்லி முடித்ததும், யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வரவழைத்த சோடாவில் ஒரு மிடறு குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்வார்.

சபைக்கு ஊர்காவற்றுறையில் ஒரு மாடிக் கட்டடமும் இறங்குதுறையில் ஒரு தண்ணீர்ப் படகும் இருந்தன. ஒரு கிணறு உப்பென்று தீர்ப்பானால், மண்கும்பான் பக்கத்துக் கிணறுகளிலிருந்து நல்ல தண்ணீர் எடுத்து அந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் படகு. ஒரு கிணறும் உப்பாகாதபடியால் படகு ஓரிடமும் போனதில்லை. வருஷந்தோறும் அதற்கு வர்ணம் மட்டும் பூசினார்கள். படகோட்டி இராயப்பு காலையில் காக்கிச் சட்டையோடு வந்து அதில் ஏறி உட்காருவார். பின்னேரம் இறங்கி வீட்டுக்குப் போவார். சபையிலேயே ஒழுங்காக வேலை செய்பவர் அவர்தான் என்று பேர்.

சோதனை முறையும் நெடுங்காலமாக மாறாதது. தலைவரும் இரண்டு அங்கத்தவர்களும் கிணற்றடியில் கிழக்கே பார்த்து நிற்பார்கள். வெள்ளித் தம்ளரில் தண்ணீர் வரும். தலைவர் தம்ளரை உதட்டருகே கொண்டுபோய், உதட்டில் படுமுன்னே "நல்ல தண்ணி" என்பார். மற்ற இருவருக்கும் அவர் சொன்ன பிறகே ருசி தெரியும். செயலாளர் அம்புறோஸ் அதை எழுதிக்கொள்வார். அம்புறோஸ் தலைவரின் வாயிலிருந்து வருவதை ஓரெழுத்தும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுபவர். தலைவர் தும்மினால், "தலைவர் தும்மினார்" என்று குறிப்பில் இருக்கும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து இந்த நிம்மதியைக் கெடுத்தது. இனிமேல் சகல தீர்மானங்களும் விஞ்ஞான முறைப்படி எடுக்கப்பட வேண்டும், ஒவ்வொரு சபையிலும் ஒரு விஞ்ஞான ஆலோசகர் இருக்க வேண்டும் என்றிருந்தது. ஆழ்வாப்பிள்ளைக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. விஞ்ஞானி என்றால் உப்பைக் கண்டுபிடிக்கும் குப்பிகளோடு வருவானே!

அம்புறோஸ்தான் ஒரு பழைய பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நயினாதீவுக் கோயில் ஐயர் ஒருவரின் மகள் பர்வதவர்த்தினி, 'தெளிவில்லாத விடயங்களில் தீர்மானம் எடுத்தல்' என்ற கணித ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருக்கிறாள் என்று செய்தி. ஆழ்வாப்பிள்ளை தலைப்பை இரண்டு தரம் வாசித்தார்.

"தெளிவில்லாத விசயத்திலை தீர்மானம். இருவது வருசமாய் நாங்கள் செய்யிற வேலை. இந்தப் பிள்ளை எங்கட ஆள்."

பர்வதத்துக்கு அழைப்பு வந்தபோது அவள் உண்மையாகவே பூரித்துப்போனாள். தெளிவில்லாததைக் கணக்கில் அடக்கும் அவளுடைய மங்கல் தருக்கத்தை அதுவரை ஒருவரும் வேலைக்கு அழைத்ததில்லை. நயினாதீவில் அவள் தகப்பனார், "மோள் மங்கலைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறா" என்று பெருமையாகச் சொல்லிவைத்ததால், விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் கண்பார்வை குறைந்தவர்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். கண்ணைத் தவிர வேறெதற்காகவாவது ஒருவர் அவளைத் தேடுவது இதுதான் முதல் தடவை.

சபைக் கட்டடத்தில் அவளை ஒரு பெரிய கதிரையில் இருத்தி, ஆராய்ச்சியை விளக்கச் சொன்னார்கள். பாடப்புத்தகங்களில் இதற்கு வழக்கமான உதாரணம் வழுக்கைத் தலை. எத்தனை மயிர் உதிர்ந்தால் ஒருவர் வழுக்கை? பர்வதம் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். எதிரே மின்விசிறிக்குக் கீழே ஆழ்வாப்பிள்ளையின் தலை பளபளத்தது. அவள் மாம்பழத்துக்கு மாறினாள்.

"மாங்காய் எந்த மணித்தியாலத்திலை மாம்பழமாகுது எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது ஐயா. ஒண்டில் காய், இல்லாட்டில் பழம் எண்டு பிரிச்சால், இடையிலை நிக்கிறதை எங்கை போடுறது? அதாலை நாங்கள் பங்கு குடுக்கிறம். இண்டைக்கு இது பழமெண்ட தொடையிலை பத்தில் மூண்டு பங்கு. நாளைக்கு ஐஞ்சு பங்கு."

"தொடையோ?" ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கணக்கிலை தொடை எண்டால் ஒரே குணமுள்ளதுகளின்ரை கூட்டம் ஐயா."

"அப்ப கூட்டம் எண்டே சொல்லும். அறிக்கையிலை தொடை எண்டு வந்தால், கொழும்பிலை மொழிபெயர்க்கேக்கை வில்லங்கம்."

"சரி ஐயா. கிணத்துத் தண்ணியும் அப்பிடித்தான். பங்கைக் கண்டுபிடிச்சாப் பிறகுதான் முக்கியமான வேலை. குடிக்கிறவை ஆர், குழந்தையள் இருக்கினமோ, கிட்டடியிலை வேறை கிணறு இருக்கோ, எல்லாத்தையும் சேர்த்துப் படகு அனுப்புறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்க வேணும். அதுக்கும் கணக்கு இருக்குது."

ஆழ்வாப்பிள்ளை 'பங்கு' என்ற சொல்லோடேயே கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில், பல்வலி நின்ற மனிதனின் சந்தோஷம் தெரிந்தது.

சித்திரை வெயிலில் சபை நெடுந்தீவுக்குப் புறப்பட்டது. தீவின் மேற்குக் கரையில் கல்வேலிகளுக்கும் பனைகளுக்கும் நடுவே ஒரு குடியிருப்பு. அத்தனை வீடுகளுக்கும் ஒரே ஒரு கிணறு. மாடு வளர்ப்பும் கொஞ்சம் கடல் தொழிலுமாக இருந்த சனங்கள் சுற்றி நின்றார்கள். தலைவர் கிழக்கே பார்த்து நின்று, தம்ளரை உயர்த்தி, உதட்டில் படுமுன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

கூட்டத்திலிருந்து செபமாலை என்ற ஒல்லியான மனிதன் முன்னுக்கு வந்தான்.

"ஐயா, ஒருக்கா ஒரு வாய் விழுங்கிப் பாருங்கோ."

"தம்பி, நாங்கள் நிர்ணயிக்க வந்தனாங்கள். குடிக்க வரேல்லை."

சபை அடுத்த படகில் திரும்பிப் போனது. பர்வதம் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருடன் தங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். தண்ணீரை வற்றக் காய்ச்சி மிஞ்சிய உப்பை நிறுத்தாள். சவர்க்காரம் நுரைக்கிறதா, பருப்பு அவிகிறதா என்று பார்த்தாள். பெண்களைக் கூப்பிட்டு வெவ்வேறு அளவு உப்புக் கலந்த தண்ணீரைக் கொடுத்து, "இது குடிக்கலாமோ? இது?" என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். செபமாலையின் மனைவி மரியமுத்து அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். சீனி நிறையப் போட்டிருந்தும் அது கரித்தது. பர்வதம் முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். குடிப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

"எங்களுக்குப் பழகிப்போச்சு ரீச்சர்," என்றாள் மரியமுத்து. அவளுக்கு வயிறு கொஞ்சம் மேடிட்டிருந்தது. "முதல் பிள்ளை தங்கேல்லை. காலெல்லாம் வீங்கிப் பிறசர் கூடினதாலை எண்டு சொன்னவை. இந்த முறை உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவிச்சி சொல்லிப்போட்டா. கறியிலை குறைச்சிட்டன். கிணத்திலை எப்பிடிக் குறைக்கிறது?"

பர்வதத்தின் அறிக்கை தெளிவாக இருந்தது. அந்தக் கிணற்று நீர், நல்ல தண்ணீர்க் கூட்டத்தில் பத்தில் நாலு பங்குதான் சேர்த்தி. ஊரில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருப்பதாலும் கிட்டடியில் வேறு கிணறு இல்லாததாலும், மாரி மழை தொடங்கும் வரை தண்ணீர்ப் படகை அனுப்ப வேண்டும். எப்படி அந்த முடிவுக்கு வந்தாள் என்று நாலு பக்கக் கணக்கும் இருந்தது.

அறிக்கை கூட்டத்துக்கு வந்தபோது கணக்குப் பக்கங்கள் அதில் இல்லை.

"முடிவெடுக்கிறது சபையின்ரை அதிகாரம் பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை அன்பாக. "நீர் பங்கோடை நிப்பாட்டும். நாலு பங்கு நல்லதெண்டால் ஆறு பங்கு உப்பு. அப்ப படகையும் ஆறு பங்கு அனுப்ப வேணும். இதிலை ஆருக்கும் ஆட்சேபம் இருக்கோ?"

ஆருக்கும் இல்லை. ஒரு படகை ஆறு பங்கு எப்படி அனுப்புவது என்பதில்தான் விவாதம் வந்தது. பீப்பாக்களை ஆறு பங்கு நிரப்பலாம் என்றார் ஓர் அங்கத்தவர். குறைப் பீப்பா கடலில் தளம்பிப் படகைக் கவிழ்க்கும், அது விதிகளுக்கு முரண் என்றார் அம்புறோஸ். வாரத்தில் சில நாள் அனுப்பலாம் என்றார் இன்னொருவர். வாரத்துக்கு ஏழு நாள், பத்து அல்ல. பங்கு பிசகும் என்று அதுவும் தள்ளுபடியானது. ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடி யோசித்துவிட்டுத் திறந்தார்.

"தூரத்திலை ஆறு பங்கு போகட்டும்."

பர்வதம் வாய்விட்டுச் சிரித்தாள். பகிடி என்றுதான் நினைத்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அம்புறோஸ் குனிந்து எழுதினார்: "விஞ்ஞான ஆலோசகர் மகிழ்ச்சி தெரிவித்தார்."

அப்படியாக, தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தண்ணீர்ப் படகு புறப்பட்டது. மாலை போட்டு அனுப்பினார்கள். நயினாதீவுக் கோபுரம் ஒரு பக்கம் தெரிய, நடுக்கடலில் ஒரு மிதவை கட்டி, அதில் 'தண்ணீர் எல்லை' என்று எழுதியிருந்தது. இராயப்பு அங்கே நங்கூரம் போட்டு மத்தியானம் வரை இருப்பார். மீதி நாலு பங்கு தூரம் மக்களின் பொறுப்பு என்று நெடுந்தீவு எங்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது.

சனங்கள் வள்ளங்களில் வந்து பார்த்தார்கள். கடலைக் கிளப்பும் தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. முதல் நாள் வந்த வள்ளங்களில் ஒன்று கவிழப் பார்த்தது. மற்றதில் ஏற்றிய தண்ணீருக்குள் அலை அடித்து, கரை போய்ச் சேரும்போது அது கிணற்றுத் தண்ணீரை விடக் கரித்தது. பிறகு ஒருவரும் வரவில்லை. மத்தியானமானதும் இராயப்பு பீப்பாக்களைக் கடலில் கவிழ்ப்பார். வழங்கப்பட்ட பொருள் களஞ்சியத்துக்குத் திரும்பினால் கணக்குக் குழம்பும் என்பதால் அப்படிக் கட்டளை. மண்கும்பானில் வாளி வாளியாக இறைத்த நல்ல தண்ணீர், நெடுந்தீவுக்காரர் கரையில் நின்று பார்த்திருக்க, கடலோடு போனது. மாத அறிக்கையில் சபை, மிதவையைச் சுற்றியுள்ள கடலின் நல்ல தண்ணீர்ப் பங்கு உயர்ந்து வருவதாகக் குறிப்பிட்டது.

இதற்கிடையில் சபை பங்குகளில் ருசி கண்டுவிட்டது. ஆழ்வாப்பிள்ளை இளைப்பாற வேண்டிய வயது வந்தது. தான் பத்தில் இரண்டு பங்கு இளைப்பாறிவிட்டதாகக் கொழும்புக்கு எழுதிவிட்டு எட்டுப் பங்கோடு கதிரையில் இருந்தார். சம்பளத்தை மட்டும் பங்கு பிரிக்கவில்லை. அங்கத்தவர்கள் வீட்டிலிருந்தபடியே கூட்டத்துக்கு ஓரளவு சமுகமளித்தார்கள். படகு எண்ணெய் எங்கே போனது என்று கணக்காய்வாளர் கேட்டதற்கு, "அது களவு போயுள்ளது என்ற கூற்று அரைவாசி உண்மை" என்று பதில் போனது. கணனிப் பிரிவு ஒன்றும் தொடங்கினார்கள். கணனி இல்லை. அது வந்தால் தூசு படக்கூடாதென்று ஓர் அறையைப் பூட்டி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை மாட்டினார்கள். அறைக்கு வெளியே ஒரு பியோன் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

பர்வதம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஆட்சேபித்தாள். "ஆலோசகர் ஓரளவு உடன்பட்டார்" என்று குறிப்பில் ஏறியது.

ஆனி மாதத்தில் ஒரு நாள், வண்ணார்பண்ணையில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் செபமாலை வந்து நின்றான். வள்ளத்திலும் பஸ்ஸிலும் வந்த களைப்பு. உள்ளே வரச் சொன்னதற்கும் வரவில்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். அவன் அதை வாயிலிருந்து எடுக்காமல் குடித்து முடித்துவிட்டு, வெறும் செம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மரியமுத்துவுக்குக் கால் வீங்கிப்போச்சு ரீச்சர். தலையிடி எண்டு படுத்திருக்கிறாள். போன முறையும் இப்பிடித்தான் தொடங்கினது."

"ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லையோ?"

"காட்டினனாங்கள். மருந்து தந்தவை. உந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம் எண்டு டொக்டர் சொல்லுறார். வேறை எதைக் குடிக்கிறது?" அவன் தயங்கினான். "நீங்கள் போட்ட அந்த நாலு... அதைச் சைபராக்கி விடுங்கோவன். அப்ப படகு கரைக்கு வருமெல்லோ?"

பர்வதத்துக்குச் சுருக்கென்றது. அந்த நாலு சரியான எண். எத்தனை நாள் மினக்கெட்டு எடுத்த எண். அதை மாற்றினால் அவள் கற்றதெல்லாம் என்ன? மாற்றாவிட்டால்?

"நாலு பிழையில்லை," என்றாள் மெல்ல. "அதை வைச்சுச் செய்யிற வேலைதான் பிழை. நான் போய்க் கதைக்கிறன்."

"முந்தி நல்ல தண்ணி எண்டு பொய் சொல்லிக்கொண்டு இருந்தவை. பொய் எண்டு எங்களுக்கும் தெரியும், அவைக்கும் தெரியும்," என்றான் செபமாலை. "இப்ப நீங்கள் வந்து உண்மையைச் சொல்லிப்போட்டியள். எங்களுக்குச் சண்டை பிடிக்கவும் வழியில்லை ரீச்சர்."

அவன் போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. மறுநாள் விடிய முதல் பஸ்ஸிலேயே பர்வதம் ஊர்காவற்றுறைக்குப் போனாள்.

ஆழ்வாப்பிள்ளை அவளை இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, நீர் படிச்சனீர். ஆனால் நிர்வாகம் தெரியாது. முந்தி நாங்கள் ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்ல வேண்டிக் கிடந்தது. ஓம் எண்டால் வேலை வரும். இல்லை எண்டால் சனம் எழுதிற பெட்டிசம் வரும். எத்தினை பெட்டிசம்! உம்முடைய கணக்கு வந்தாப் பிறகு பார்த்தீரோ? நாங்கள் வேலை செய்யவுமில்லை, செய்யாமல் விடவுமில்லை. ஆர் வந்து எங்களைப் பிடிக்கிறது? இவ்வளவு அருமையான சாமானைக் கண்டுபிடிச்சுப்போட்டு, ஒரு பொம்பிளையின்ரை கால் வீங்கினதுக்காக அதைக் கைவிடச் சொல்லுறீர்."

"அவவுக்கு ஒண்டு நடந்தால் ஐயா?"

"நடக்கிறதும் ஒரு பங்குதானே," என்றார் அவர்.

பர்வதம் சோடாவைத் தொடாமல் எழுந்து வந்தாள். விறுவிறென்று படிகளில் இறங்கினாள். ஆழ்வாப்பிள்ளை மேல் வந்த கோபத்தை விட, தன் ஆராய்ச்சி அந்த வாயில் எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டது என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இறங்குதுறையில் படகு புறப்பட ஆயத்தமாக நின்றது. அவள் யோசிக்கவில்லை, ஏறிவிட்டாள்.

"ஆலோசகர் படகிலை ஏறக்கூடாது எண்டு விதி இருக்கோ, இராயப்பு அண்ணை?"

இராயப்பு யோசித்தார். "அப்பிடி ஒண்டும் இல்லை ரீச்சர். ஒருத்தரும் ஏறாததாலை விதி போடேல்லை."

மிதவையடிக்கு வந்ததும் அவர் நங்கூரத்தைக் கடலில் போடத் தூக்கினார். விதி தவறி ஓரங்குலமும் நடக்காத மனிதர். கெஞ்சினால் அழுவார், அசையமாட்டார். பர்வதம் கெஞ்சவில்லை.

"அண்ணை, இது ஆறு பங்கு தூரம்தானோ?"

"ஓம். மிதவை கிடக்குதே."

"மிதவை அலையிலை அங்காலையும் இங்காலையும் ஆடுதே. எது சரியான இடம்?"

அவர் மிதவையைப் பார்த்தார். அது உண்மையாகவே ஆடியது.

"உத்தேசமாய் இந்த இடம்தான் ரீச்சர்."

"அப்ப இன்னும் ஒரு படகு நீளம் முன்னுக்குப் போனால், அதுவும் உத்தேசமாய் ஆறு பங்குதானே? ஒரு படகு நீளத்தாலை ஆறு ஏழாகிப் போகுமோ?"

"ஒரு படகு நீளத்திலை என்ன இருக்கு? ஆகாது."

"அப்ப ஒரு படகு நீளம் விடுங்கோ."

விட்டார்.

"இப்ப நிக்கிறது ஆறு பங்கு எண்டு ஒத்துக்கொள்ளுறியளோ?"

"ஓம்."

"இதிலையிருந்து இன்னும் ஒரு படகு நீளம் போனால்?"

இராயப்பு தலையைச் சொறிந்தார். எங்கேயோ ஒரு பொறி இருப்பது தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. மறுக்கவும் ஏலவில்லை. படகு நகர்ந்தது. அவள் கேட்டாள், அவர் ஓம் என்றார், படகு நகர்ந்தது. கோபுரம் பின்னால் போய்ச் சிறுத்தது. கடைசியில் இராயப்பு சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ரீச்சர், ஒவ்வொண்டாய்க் கேக்காதையுங்கோ, எனக்குத் தலை சுத்துது. நீங்கள் கேட்டதாயும் நான் ஓம் எண்டதாயும் வைச்சுக்கொண்டு ஓடுறன்."

அவர் சிரித்ததைப் பர்வதம் அன்றுதான் கண்டாள். நெடுந்தீவின் மேற்குக் கரையில் படகு தட்டியபோதும் அது உத்தேசமாக ஆறு பங்கு தூரம்தான்.

கரையில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு குடங்களும் கிடாரங்களுமாக ஓடிவந்தார்கள். மரியமுத்து கல்வேலியைப் பிடித்துப் பிடித்து மெல்ல நடந்து வந்தாள். முகம் ஊதியிருந்தது. ஒரு கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "இதுக்கு ஒரு ருசியும் இல்லையே," என்று அதிசயப்பட்டாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

விசாரணைக்குப் பர்வதத்தைக் கூப்பிட அதிக நாள் எடுக்கவில்லை. சபையின் முழு அங்கத்தவர்களும், அபூர்வமாக, முழுதாகச் சமுகமளித்திருந்தார்கள்.

"படகு நெடுந்தீவுக் கரையை அடைஞ்சதோ இல்லையோ?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "பங்கு, கிங்கு ஒண்டும் வேண்டாம். ஓம் எண்டோ இல்லையெண்டோ சொல்லும்."

ஓம் இல்லை என்ற இரண்டுக்குள் உலகத்தை அடைக்க ஏலாது என்று பக்கம் பக்கமாக எழுதியவள் பர்வதம். அவள் நேரே பார்த்து, "ஓம்," என்றாள்.

அது குறிப்பில் முழுதாக ஏறியது.

சபை நெடுநேரம் ஆலோசித்துத் தீர்ப்பு வழங்கியது. ஆறு பங்கு தூரத்துக்குத்தான் படகுக்கு அனுமதி. ஆகவே கரைக்கு வந்த தண்ணீரில் நாலு பங்கு சட்டவிரோதமாக வந்தது. அந்த நாலு பங்கு தண்ணீரையும் நெடுந்தீவு மக்கள் உடனடியாகச் சபையின் களஞ்சியத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும். தவறினால் படகு அடியோடு நிறுத்தப்படும்.

செய்தி கேட்டுச் செபமாலை தலையில் கைவைத்தான். "குடிச்சு முடிச்ச தண்ணியை எப்பிடி ரீச்சர் திருப்பிக் குடுக்கிறது?"

பர்வதம் கட்டளையை இன்னொரு தரம் வாசித்தாள். சபையில் இருந்து இருந்து, அவளுக்கும் இப்போது கொஞ்சம் நிர்வாகம் தெரிந்திருந்தது.

"தண்ணி எண்டுதான் போட்டிருக்கு. எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு போடேல்லை," என்றாள். "நல்ல தண்ணி எண்டு அவையே நிர்ணயிச்ச கிணறு உங்கடை ஊரிலை இருக்கெல்லோ?"

சபையின் வருடாந்தக் கூட்டத்தன்று அந்தக் கிணற்றுத் தண்ணீரோடு பீப்பாக்கள் ஊர்காவற்றுறைக்கு வந்து சேர்ந்தன. பியோன் விதிப்படி நடந்தார்: களஞ்சியத்துக்குத் திரும்பிய தண்ணீர் சபையின் பாவனைக்கு உரியது. கூஜாக்களில் ஊற்றி மேசையில் வைத்தார். அன்று யாழ்ப்பாண பஸ் வழியில் பழுதாகி நின்றதால் சோடா வரவில்லை. வெயில் கொளுத்தியது. ஆழ்வாப்பிள்ளை எழுந்து, சபையின் ஆட்சிக்குள் உப்புத் தண்ணீர் என்ற ஒன்று எக்காலமும் இருந்ததில்லை என்று தொடங்கி நெடுநேரம் பேசினார். தொண்டை வறண்டது. கை தானாகக் கூஜாவுக்குப் போனது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தம்ளர் அவர் உதட்டில் பட்டது. பட்டது மட்டுமல்ல, ஒரு பெரிய மிடறு உள்ளே போயும் விட்டது.

அவர் மேசைக்குக் குறுக்கே துப்பினார்.

"ஐயோ, உப்பு! கடல் தண்ணி! ஆரடா மனிசர் குடிக்கிற மேசையிலை இதைக் கொண்டுவந்து வைச்சவன்?"

அம்புறோஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு, பியோனிடம் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டு, அதையும் எழுதினார். அங்கத்தவர்கள் முன்னிலையில் தலைவர் தண்ணீரை ருசித்துச் சொல்லும் வார்த்தை நிர்ணயமாகும்; அது சபையின் முதலாவது விதி. ஆழ்வாப்பிள்ளை வாயைத் துடைத்தபடி, "அதை எழுதாதையும்," என்றார். அம்புறோஸ் அதையும் எழுதினார்.

நிர்ணயம் நிர்ணயம்தான். அதில் பங்கு ஒன்றும் சொல்லப்படாததால், படகு முழுத் தூரமும் போக வேண்டியதாயிற்று. துணிந்து முடிவெடுத்ததற்காகக் கொழும்பிலிருந்து ஆழ்வாப்பிள்ளைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் இளைப்பாறிய இரண்டு பங்கையும் மீளப் பெற்றுக்கொண்டார். விஞ்ஞான ஆலோசகரின் சேவை இனித் தேவையில்லை என்று பர்வதத்துக்கு ஒரு வரி எழுதினார்கள். அதில் 'ஓரளவு' என்ற சொல் இல்லை.

அவள் மறுபடி தன் பாடங்களுக்குத் திரும்பினாள். கட்டுரையொன்றில், பங்குகளைக் கண்டுபிடிப்பவர் அவற்றை யாரிடம் கொடுக்கிறார் என்பதைப் பற்றி ஒரு பந்தி சேர்த்தாள். கணிதத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று சஞ்சிகைக்காரர் அதை வெட்டிவிட்டார்கள்.

ஆவணியில், மரியமுத்துவை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருப்பதாக அவளுக்குத் தகவல் கிடைத்தது. வெறும் பீப்பாக்களுக்கு நடுவே பாய் விரித்து, இராயப்புதான் தண்ணீர்ப் படகில் கொண்டுவந்திருந்தார். அதற்கு விதி இருக்கிறதா என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. பர்வதம் பஸ்ஸில் போய் இறங்கி, ஆஸ்பத்திரி விறாந்தைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். செபமாலை சுவரில் சாய்ந்து நின்றான். சவரம் செய்யாத முகம். அதைப் பார்த்து ஒன்றும் கணிக்க முடியவில்லை.

"தாயும் பிள்ளையும்..." என்று மட்டும் கேட்டாள்.

"ஓம் ரீச்சர்," என்றான் செபமாலை. "சுகம்."

எத்தனை பங்கு என்று அவள் கேட்கவில்லை.